சுழலும் எண்ணம்

திருப்பூர்ப் பனியன் ஆலைகளில் தைத்த ஆடைகளைச் சரிபார்ப்போர் உளர். குறையில்லை எனக் கண்டதும் ஆடையைக் கீழே வைத்துவிடுவர். இதனைக் கவனம் என்கிறோம். குறையில்லை என அறிந்தும் வைக்க இயலாமல், மீண்டும் மீண்டும் பார்க்குமாறு உள்ளம் ஒருவரை நாள்தோறும் பல மணி நேரம் வாட்டுமாயின், அது எண்ணச் சுழற்சி நோயாகும். இது மனவலிமைக் குறைவன்று. மூளையின் நரம்பு வழிகளில் நேரும் மாறுதலோடு தொடர்புடையது.

மருந்தும், அச்சத்தை எதிர்கொள்ளும் பயிற்சியும் இதற்கு முதற்சிகிச்சைகளாம். பெங்களூர் நிமான்சு மருத்துவமனையில் இந்நோய்க்கெனத் தனிப்பிரிவு உண்டு. முதற்சிகிச்சைகள் பயன்தராத கடுநோயாளர்க்கே மூளைத் தூண்டல் முறைகளை மருத்துவர் கருதுவர். தலையின்மேல் காந்தச் சுருளை வைத்துத் தூண்டுவது ஒருமுறை. இதற்கு அறுவை வேண்டா. மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்முனைகளைப் பதித்து, மார்புத் தோலின்கீழ் வைத்த கருவியால் மின்துடிப்பை அனுப்புவது மற்றொரு முறை. பெல்ஜிய மருத்துவர் இம்முறையை இந்நோய்க்குக் கையாண்ட செய்தியை 1999ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

மூளை அறுவையில் குருதிக்கசிவு, தொற்று முதலிய இடர்கள் உண்டு. முழு நலமும் உறுதியன்று. ஆகவே மனநோய்க்காக மூளையில் அறுவை செய்ய, நோயாளியின் இசைவும் உரிய வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் விதித்துள்ளது.

கை நடுங்குவோரை நாம் நகுவதில்லை. எண்ணம் சுழல்வோரையும் நகுதல் தகாது.