எப்சிலானை ஏன் பாதியாக்கினாய்?

1970-களில் தமிழ்நாட்டில் பி.யு.சி.யை நல்ல மதிப்பெண்ணோடு முடித்த பையனுக்கு இருந்த வழிகள் கொஞ்சம்தான். சென்னையை விட்டால் கோவை, திருச்சி, மதுரை, காரைக்குடி, சேலம் என்று பொறியியல் கல்லூரி இருந்த ஊர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே இடம் கிடைக்காத, கிடைத்தும் விடுதிக்குப் பணம் கட்ட முடியாத கணக்குப் புலிகள் பலர் பி.எஸ்சி. மேத்ஸ் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். முடித்தால் பேங்க் பரீட்சை, எல்.ஐ.சி., ஏ.ஜி. ஆபீஸ். அதுவும் அமையாவிட்டால் பி.எட். படித்துப் பள்ளிக்கூட வேலை. மேத்ஸ் மேஜர் என்று சொன்னால் பெண் வீட்டில்கூட ஒரு மதிப்பு இருந்தது.

1978-இல் பி.யு.சி. போய், பிளஸ் டூ பள்ளிக்கூடங்களுக்கு வந்தது. 1980-களின் நடுவில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 2007-இல் பொறியியல் நுழைவுத் தேர்வும் நீக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் கல்லூரிகளின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. ‘கணக்கு நல்லா வருது’ என்று பெயரெடுத்த பிள்ளையை வீட்டார் நேராக இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு அழைத்துப் போனார்கள். கணக்கு வருவதே கணக்குப் படிக்காமல் போவதற்குக் காரணமாகிவிட்டது.

அப்படியானால் இன்று கணிதத்துறை வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? நான் போய்ப் பார்த்த அரசுக் கலைக் கல்லூரிகளில் பெரும்பாலும் பெண்கள். காலை ஏழு மணி டவுன் பஸ்ஸைப் பிடித்து, பிளஸ் டூவில் மேத்ஸ் குரூப் எடுத்த ஒரே காரணத்தால் இங்கே வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் அவர்கள்தான். 2022 செப்டம்பரிலிருந்து, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அப்பாவிடம் கேட்க வேண்டியதில்லை என்று ஒரு மாணவி என்னிடம் சொன்னார். அரை நூற்றாண்டில் இந்தப் படிப்புக்கு நேர்ந்த மாற்றங்களில் ஆகப் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன். ‘அந்தக் காலத்துப் பசங்களின் தரம் இல்லை’ என்று புலம்பும் பழைய பேராசிரியர்களோடு எனக்கு இந்த இடத்தில் ஒத்துப்போவதில்லை. அந்தத் தரத்தை அளந்த வகுப்புக்குள் இந்தப் பெண்களில் எத்தனை பேர் வந்திருக்க முடியும்?

பழைய முறையின் கடுமைக்கு ராமானுஜனைவிட வேறு சாட்சி வேண்டாம். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் அந்தத் தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வு எழுதினார், அதிலும் தேறவில்லை. இந்தியாவில் பட்டம் அவருக்கு எட்டாமலே போனது. இன்று ஆங்கிலத்தில் கோட்டை விட்டவர் அதை அரியராக வைத்துக்கொண்டு அடுத்த செமஸ்டர் மேஜர் பேப்பர்களைப் படிக்கலாம், மூன்றாம் ஆண்டில்கூட எழுதித் தேறலாம். அரியர் என்ற ஏற்பாட்டை எல்லோரும் கேவலமாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் ஒரு கருணை தெரிகிறது.

பாடத்திட்டத்தின் மாற்றத்தை ரொம்ப விவரிக்கத் தேவையில்லை. அன்று ஸ்டாட்டிக்ஸ், டைனமிக்ஸ், முப்பரிமாண வடிவியல், சில இடங்களில் வானியல். இன்று அவற்றில் சில சுருங்கி, கிராஃப் தியரி, ஆபரேஷன்ஸ் ரிசர்ச், பைத்தான், நான் முதல்வன் திட்டத்தின் திறன் பயிற்சிகள் எல்லாம் சேர்ந்துவிட்டன. மாணிக்கவாசகம் பிள்ளையும் நாராயணனும் எழுதிய கால்குலஸ் புத்தகம் மட்டும் பல கல்லூரிகளின் பட்டியலில் தலைமுறை தாண்டியும் இருக்கிறது.

புத்தகம் கிடைக்கும் விதம் தலைகீழாக மாறியிருக்கிறது. எங்கள் காலத்தில் ரூடினின் அனாலிசிஸ் புத்தகம் துறை பீரோவுக்குள் பூட்டியிருக்கும். சாவி ஹெச்.ஓ.டி.யிடம். கேட்டு வாங்கத் தைரியம் வேண்டும்; வாங்கினால் முக்கியமான பக்கங்களைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு திருப்பித் தரவேண்டும். இன்று ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகள் என்.பி.டெல். காணொளிகளாகக் காசில்லாமல் கிடைக்கின்றன. தேனியிலிருக்கும் மாணவியும் சென்னையிலிருக்கும் மாணவரும் ஒரே பாடத்தை ஒரே ஆசிரியரிடம் கேட்கலாம். நாங்கள் கனவிலும் நினைக்காத வசதி.

இத்தனை வந்தும் வராத ஒன்று உண்டு. அதைச் சொல்ல, முதலாண்டு அனாலிசிஸ் பேப்பரில் வரும் ஒரு சின்ன நிரூபணத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டு சீக்வென்ஸ்கள் தனித்தனியே ஒவ்வோர் எல்லையை நெருங்கினால், இரண்டையும் கூட்டி வரும் சீக்வென்ஸ் அந்த எல்லைகளின் கூட்டுத்தொகையை நெருங்கும். பார்த்தாலே சரியென்று படும். நிரூபிப்பதென்றால், நீங்கள் எவ்வளவு சிறிய பிசகை அனுமதித்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் உண்மையான பிசகு அதற்குள் அடங்கிவிடும் என்று காட்டவேண்டும். அந்த அனுமதித்த பிசகுக்குத்தான் எப்சிலான் என்று பெயர். மாணவர் தேர்வுத்தாளில் முதல் வரியிலேயே ‘எப்சிலான் பை டூ’ என்று எழுதுவார். ஏன் இரண்டால் வகுத்தாய் என்று கேட்டால் பெரும்பாலோர் முழிப்பார்கள். பிசகு இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஆளுக்குப் பாதி பங்கிட்டால்தான் கூட்டும்போது மொத்தம் எப்சிலானுக்குள் நிற்கும். மூன்று சீக்வென்ஸ் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. ஒன்றுக்குக் கால், மற்றதற்கு முக்கால் என்று கொடுத்தாலும் தப்பில்லை. விஷயம் இவ்வளவுதான். ஆனால் இது புரிந்தவர், கூட்டலுக்குப் பதில் பெருக்கல் வரும்போது வெறும் பங்கீடு போதாது, ஒரு சீக்வென்ஸ் எவ்வளவு பெரிதாகப் போகும் என்பதற்கும் வரம்பு வேண்டும் என்று தானே தடுமாறிக் கண்டுபிடிப்பார். புரியாதவர் அடுத்த நிரூபணத்தையும் மனப்பாடம் செய்வார். மூன்று வருஷமும் இப்படியே ஓடிவிடும்.

இந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அன்றும் அப்படிப்பட்டவர்கள் அரிதுதான். எங்கள் வகுப்பில் பெரும்பாலான மணி நேரங்கள் போர்டில் எழுதியதை லாங் சைஸ் நோட்டில் இறக்கிக்கொள்வதிலேயே போயின. எங்களுக்கு வாய்த்த ஒரு பேராசிரியர் மட்டும் தேர்வுத்தாளைத் திருத்தும்போது விடையில் ஒரு வரியை அடிக்கோடிட்டு, ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தருவார். மதிப்பெண்ணை அப்புறம்தான் பார்ப்போம்.

அத்தகைய ஒருவரால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை லயோலா கல்லூரியில் நடந்ததே சான்று. சார்லஸ் ரசீன் என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார், பாரிஸில் ஏலி கார்த்தானிடம் ஆய்வு செய்தவர், 1937-இல் இந்தியா வந்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கொஞ்ச காலம், பிறகு 1939-இலிருந்து லயோலாவில். கேம்பிரிட்ஜ் பாணியில் தந்திரக் கணக்குகளைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்த சென்னைக்குள், பிரான்சில் அப்போது உருவாகிக்கொண்டிருந்த புதிய கணிதத்தை அவர் கொண்டுவந்தார். யாருக்கு எந்தப் புத்தகம் என்று பார்த்துக் கொடுத்து, மேலே எங்கே போகவேண்டும் என்றும் வழிகாட்டினார். அவரிடம் பயின்ற எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் பம்பாயின் டாடா ஆய்வு நிறுவனத்துக்குப் போய், 1965-இல் உலகம் அவர்கள் இருவர் பெயராலும் அழைக்கும் தேற்றத்தை வெளியிட்டார்கள். தண்டரைக் கிராமத்தில் பிறந்தவர் ஒருவர், காஞ்சிபுரத்தில் பிறந்தவர் இன்னொருவர்.

அதே சேஷாத்ரி 1989-இல் சென்னையில் தொடங்கிய கணிதப் பள்ளிதான் வளர்ந்து சென்னை கணிதவியல் கழகம் ஆனது. இளநிலைப் பட்டப்படிப்பு 1998-இல் வந்தது. இன்று சிறுசேரியில், மென்பொருள் நிறுவனங்களுக்கு நடுவே, ஆய்வாளர்களே முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். இந்தியா முழுவதிலிருந்தும் பிள்ளைகள் நுழைவுத் தேர்வு எழுதி வருகிறார்கள். அன்று ரசீனைத் தற்செயலாகச் சந்தித்தவர்களுக்குக் கிடைத்தது, இன்று ஒரு நிறுவனமாகவே கிடைக்கிறது. ஆனால் அங்கே இடம் கொஞ்சம். அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஓர் அரசுக் கல்லூரிக் கணிதத்துறையில் நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கும். கௌரவ விரிவுரையாளர்கள் அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்ற கவலையோடு வகுப்பெடுப்பார்கள். அவர்களில் சிலர் அருமையான ஆசிரியர்கள். ஒரு வகுப்பு முடிந்த கையோடு அடுத்த வகுப்புக்கு ஓடுகிறவரிடம், அறுபது நோட்டை வரிவரியாகப் படித்துத் திருத்துங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

போனில் கேட்டால் இன்று செயற்கை நுண்ணறிவு நிரூபணத்தை ஒரு நொடியில் சுத்தமாக எழுதித் தந்துவிடுகிறது, எப்சிலான் பை டூவுக்குக் காரணத்தோடு. மாணவி அதைப் படித்துப் புரிந்துகொள்ளவும் செய்யலாம். ஆனாலும் தானாக ஒன்றை எழுதி, அதில் ஓட்டை இருக்கிறது என்று இன்னொருவர் காட்டி, மறுபடி உட்கார்ந்து அடைத்த அனுபவம் அவளுக்குக் கிடைக்காது. கணிதம் படிப்பது என்பது எனக்குத் தெரிந்தவரை அந்த அனுபவம்தான். கணிதப் பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்ற கணிதக் கோடைப் பயிற்சியில் இதைத்தான் செய்கிறார்கள்: விடையைச் சொல்லாமல், கேள்வி மேல் கேள்வி கேட்டு, மாணவரையே போர்டுக்கு வரவைக்கிறார்கள். கோடையில் சில வாரம் சிலருக்குக் கிடைப்பதை ஆண்டு முழுவதும் எல்லோருக்கும் தர வழியிருக்கிறது.

பல பல்கலைக்கழகங்களில் ஒரு பேப்பருக்கு 75 எழுத்துத் தேர்வுக்கும் 25 இன்டர்னலுக்கும் போகிறது. அந்த 25-இல் ஒரு பகுதி அசைன்மென்ட் என்ற பெயரில், ஒருவரிடமிருந்து எல்லோரும் பார்த்தெழுதும் தாள்களுக்குப் போகிறது. அதை எடுத்துவிட்டு, செமஸ்டருக்கு ஒரு நிரூபணத்தை மாணவர் போர்டில் எழுதி, ஆசிரியரும் சக மாணவர்களும் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். அதற்கென டைம்டேபிளில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். காலியிடங்களில் ஆள் போட்டால் இது நடக்கும்.