வீட்டுக் கூடத்தில் ஓர் அரச கலியாணம்

அரச கலியாணம் என்றால் பலருக்கு இலண்டன் மாநகரமே நினைவுக்கு வரும். 1981-ஆம் ஆண்டு ஜூலை 29-இல் இளவரசர் சார்லசுக்கும் டயானாவுக்கும் நடந்த திருமணத்தைச் சுமார் 75 கோடி மக்கள் தொலைக்காட்சியில் கண்டதாக அக்காலத்தில் கணக்கிட்டார்கள். ஆனால் சித்தூர்ச் சீமையில் பிறந்த எங்களுக்கு இலண்டன் வரை போக வேண்டியதில்லை. எங்கள் அரசகுமாரி பத்மாவதி, தந்தை ஆகாசராசன், மாப்பிள்ளை திருவேங்கடமுடையான்.

இக்கதைக்கு ஊரும் வழியும் உண்டு. கலியாணம் நடந்த இடம் புத்தூருக்கு அருகிலுள்ள நாராயணவனம் என்பது மரபு. 2022 முதல் அது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள கல்யாண வேங்கடேசுவரர் கோயிலில் ஒரு பெரிய கல் எந்திரத்தைக் காட்டி, கலியாணத்துக்கு மாவும் மஞ்சளும் அரைத்தது இதுதான் என்பார்கள். புதுமணத் தம்பதிகள் ஆறு மாதம் மலையேறலாகாது என்பதால், அகத்தியர் ஆசிரமத்தில் தங்கினார்களாம்; அவ்விடமே சீனிவாச மங்காபுரம். கலியாணச் செலவுக்குக் குபேரனிடம் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டத்தான் உண்டியல் என்பதும் ஊரறிந்த பேச்சு. கடன் வாங்கிக் கலியாணம் செய்த மாப்பிள்ளையை நம்மவர் என்று கருதாத குடும்பம் ஏது?

திருமலையில் சில விசேட நாட்கள் நீங்கலாக நாள்தோறும் நண்பகலில் கல்யாண உற்சவம் நடக்கிறது. மணமக்கள் மலையப்ப சுவாமியும் ஸ்ரீதேவி பூதேவி நாச்சிமாரும். இரு வீட்டார் வமிசமும் சொல்லப்பட்டு, திரை விலகி, மங்கலநாண் பூட்டப்படும். தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் வழிவந்தோர் பெண் வீட்டாராய் நின்று கன்னிகாதானம் செய்கிறார்கள். 2008-இல் தேவஸ்தானம் தொடங்கிய பக்தி அலைவரிசை இதனை வீடுகளுக்குக் கொண்டு வந்தது.

அதுவரை நாம் பார்வையாளர்களே. 2020-இல் பெருந்தொற்று பரவியபோதுதான் புதுமை நேர்ந்தது. மார்ச் 20-இல் தரிசனம் நிறுத்தப்பட்டது; ஜூனில் மீண்டும் தொடங்கியது. ஆனால் கல்யாண உற்சவத்தில் மக்கள் நேரே அமர இயலவில்லை. ஆகவே ஆகஸ்டு 7 முதல், இணையத்தில் 1000 ரூபாய் கட்டிப் பதிவு செய்வோர், வேட்டி சேலை உடுத்தித் தொலைக்காட்சி முன் அமர்ந்து, பட்டர் சொல்லும் நேரத்தில் தம் கோத்திரமும் பெயரும் சொல்லிச் சங்கற்பம் செய்யலாம் என்று ஏற்பாடாயிற்று. உத்தரீயம், இரவிக்கைத் துண்டு, அட்சதை, கற்கண்டு ஆகியவை அப்போது பின்னர் அஞ்சலில் அனுப்பப்பட்டன.

எங்கள் வீட்டிலும் பதிவு செய்தோம். “சினிமா பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?” என்று அண்ணன் கேட்டான். கேள்வி நியாயமானதுதான். விடை அன்று எங்கள் ஆயாவிடமிருந்து கிடைத்தது.

ஆயா என்றால் அப்பாவைப் பெற்ற பாட்டி. முப்பது வயதில் கணவனை இழந்தவர். அதன் பின் எந்தக் கலியாணத்திலும் அவர் மணவறைப் பக்கம் வந்ததில்லை. பெற்ற மகனின் கலியாணத்திலும் சமையற்கட்டில்தான் நின்றாராம். அன்றும் வழக்கம்போல் கூடத்தின் வாசற்படியோரம் உட்கார்ந்தார்.

சங்கற்பம் தொடங்கியது. அப்பா திரும்பிப் பார்த்து, “அம்மா, முன்னாடி வந்து உட்காரு. உன் பேரைச் சொல்லு” என்றார்.

“அதெல்லாம் சுமங்கலிங்க வேலைடா.”

“அங்கே இருக்கிறவங்க யாருக்கும் நாம தெரிய மாட்டோம். யார் வந்து தடுக்கப் போறாங்க?”

ஆயா மெல்ல எழுந்து வந்தார். கோத்திரம் அறியாத குடும்பம் ஆகையால், “சிவகோத்திரம்” என்றோம். பெருமாள் கலியாணத்தில் சிவகோத்திரமா என்று அண்ணன் சிரித்தான். ஆயா சிரிக்கவில்லை. தம் பெயரை இரண்டு முறை சொன்னார். முதல் முறை யாருக்கும் கேட்கவில்லை.

தொலைக்காட்சியில் நாம் மண்டபத்தைக் காண்கிறோம். மண்டபம் நம்மைக் காண்பதில்லை. இதைப் பெருங்குறை என்று நான் எண்ணியிருந்தேன். கண் இல்லாத அக்கருவியின் முன்தான் ஆயாவுக்கு முதல் வரிசை கிடைத்தது. அவரை இத்தனை காலம் பின்னே நிறுத்தியது சுற்றி நின்ற எங்கள் கண்களே அல்லவா?

சில நாட்களில் அஞ்சலில் அட்சதை வந்தது. அம்மா பொட்டலத்தைப் பிரிக்காமல் ஆயாவின் கையில் கொடுத்தார். எங்கள் தலைமீது அவரே தூவினார்.

அடுத்து எங்கள் குடும்பத்தில் நடக்கப்போவது அண்ணனின் கலியாணம். அதில் திரை இராது, ஊரே கூடியிருக்கும். அங்கும் முதல் அட்சதை ஆயாவின் கையிலிருந்தே விழ வேண்டும் என்று கேட்டிருக்கிறான், அன்று சிரித்த அதே அண்ணன். ஆயா இன்னும் சம்மதிக்கவில்லை. விடுவதாக நாங்களும் இல்லை.