சிவில் ஏர் பேட்ரோல் அமைப்பில் வயதுவந்தோர் தன்னார்வலராகச் சேர்தல்

சிவில் ஏர் பேட்ரோல் என்பது ஐக்கிய அமெரிக்காவில் இயங்கும் பொதுமக்களின் வான்வழித் தன்னார்வ அமைப்பு ஆகும். காணாமற்போன விமானங்களைத் தேடுதல், வழிதவறியவர்களைக் கண்டறிதல், வெள்ளம், புயல் போன்ற பேரிடர்களின்போது சேதப் பகுதிகளை வானிலிருந்து படமெடுத்தல் ஆகியவை இதன் முதன்மைப் பணிகளுள் அடங்கும். இது ஐக்கிய அமெரிக்க வான்படையின் துணையமைப்பாகவும் செயல்படுகிறது. 18 வயது நிரம்பியவர்கள் இதில் மூத்த உறுப்பினர்களாகச் சேரலாம். விமானம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சேர்ந்த மறுநாளே மீட்புப் பணிக்குச் செல்லவும் முடியாது. இடைப்பட்ட பயிற்சிக் காலம் எதற்காக வைக்கப்பட்டுள்ளது என்பதைப் புரிந்துகொண்டு சேர்பவர்களே இதில் நிலைத்து நிற்கிறார்கள்.

தோற்றம்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்குவதற்குச் சில நாள்களே இருந்த நிலையில், 1941 டிசம்பர் 1 அன்று இவ்வமைப்பு தொடங்கப்பட்டது. நியூ செர்சி மாநிலத்தின் வான்போக்குவரத்து இயக்குநராக இருந்த கில் ராப் வில்சன் இதன் மூலவர்களுள் முக்கியமானவர். 1942 முதல் 1943 வரை சொந்தச் சிறு விமானங்களை வைத்திருந்த பொதுமக்கள் அட்லாண்டிக் கரையோரத்திலும் மெக்சிகோ வளைகுடாப் பகுதியிலும் பறந்து, செருமானிய நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்காணித்தனர். போருக்குப் பின், 1946இல் இயற்றப்பட்ட சட்டம் இதை இலாப நோக்கற்ற அமைப்பாக்கியது. 1948இல் வந்த மற்றொரு சட்டம் இதை வான்படையின் துணையமைப்பாக்கியது.

இதன் தலைமையகம் அலபாமா மாநிலத்திலுள்ள மாக்சுவெல் வான்படைத் தளத்தில் உள்ளது. ஒவ்வொரு மாநிலத்திற்கும் ஒரு பிரிவு உண்டு. அதன் கீழ் ஊர்தோறும் சிறு அணிகள் இயங்குகின்றன. செசுனா 172, செசுனா 182 போன்ற ஒற்றை எஞ்சின் விமானங்களையே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள்.

யார் சேரலாம்

ஐக்கிய அமெரிக்கக் குடிமக்களும் அங்கு நிரந்தரக் குடியுரிமை அட்டை பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். எனவே அந்த அட்டையுடன் அங்கு வாழும் தமிழர்களுக்கும் இதன் கதவு திறந்தே இருக்கிறது. வயதுக்கு மேல்வரம்பு இல்லை. பணி ஓய்வு பெற்றோர் பலர் இதில் ஈடுபட்டுள்ளனர். 12 வயது முதலான சிறுவர் சிறுமியருக்குத் தனியே மாணவர் பிரிவு உண்டு.

சேரும் முறை

முதலில் அருகிலுள்ள அணியின் கூட்டங்களுக்குப் பார்வையாளராகச் சென்று வர வேண்டும். பெரும்பாலான அணிகள் வாரத்தில் ஒரு நாள் மாலையில் கூடுகின்றன. ஒரே கூட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுக்காமல் மூன்று நான்கு கூட்டங்களாவது பார்ப்பது நல்லது. சில அணிகள் மாணவர்களுக்கான பணியிலும், சில அணிகள் தேடல் பணியிலும் கூடுதல் கவனம் செலுத்துகின்றன. தமக்கு எது பொருந்தும் என்பது நேரில் பார்த்தால்தான் தெரியும்.

பின்னர் விண்ணப்பப் படிவத்துடன் கைரேகையும் கொடுக்க வேண்டும். அதைக் கொண்டு விண்ணப்பதாரரின் குற்றப் பின்னணி சரிபார்க்கப்படும். அடுத்து மாணவர் பாதுகாப்புப் பயிற்சியை முடிக்க வேண்டும். இந்த அமைப்பில் பெரியவர்கள் சிறுவர்களுடன் பழகும் வாய்ப்பு அதிகம் என்பதால், மீட்புப் பணி ஒன்றே குறிக்கோளாக இருப்பவருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை.

மீட்புப் பணிக்கான தொடக்கப் பயிற்சி

அமைப்பின் வரலாறு, விதிகள், பாதுகாப்பு ஆகியவற்றைக் கற்பிக்கும் முதல்நிலைப் பாடம் எல்லோருக்கும் பொது. மீட்புப் பணியில் ஈடுபட விரும்புவோர் அதன்பின் பொது அவசரப்பணித் தேர்வை எழுத வேண்டும். பேரிடர்க் களத்தில் யார் யாருக்குக் கட்டளையிடுவது, செய்தி எவ்வழியே செல்வது என்பதைச் சொல்லித்தரும் அரசின் இணையவழிப் பாடங்களும் உண்டு. அவற்றை இலவசமாகப் படிக்கலாம்.

இதற்குப் பின் ஒவ்வொரு பொறுப்புக்கும் தனித்தனிப் பயிற்சிப் பட்டியல் உள்ளது. பட்டியலிலுள்ள ஒவ்வொரு செயலையும் தகுதி பெற்ற ஒருவர் முன்னிலையில் செய்துகாட்டி, அவருடைய ஒப்புதலைப் பெற வேண்டும். ஒத்திகைகளிலும் கலந்துகொள்ள வேண்டும். இதற்குப் பல மாதங்கள் ஆகலாம்.

புதியவர்களுக்கு ஏற்ற பொறுப்புகள்

*நோட்டக்காரர்:* விமானத்தின் பின்னிருக்கையில் அமர்ந்து சன்னல் வழியே தரையைத் தேடுபவர். விமானி அல்லாதவர் வானில் செய்யக்கூடிய முதல் பணி இதுவே. கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், கண்ணுக்குப் பழக்கம் வேண்டிய வேலை இது. கண்ணைத் தொடர்ந்து ஓடவிட்டால் எதுவும் பதியாது. ஓரிடத்தில் நொடிப்பொழுது நிறுத்தி, அடுத்த இடத்திற்கு நகர்த்தி மீண்டும் நிறுத்த வேண்டும். விழுந்த விமானம் முழு உருவத்தில் கிடைப்பது அரிது. ஒடிந்த மரக்கிளைகள், கருகிய நிலம், உலோகத்தின் மினுக்கம், சுற்றுப்புறத்தோடு ஒட்டாத ஒரு நிறம் ஆகியவையே அடையாளங்கள்.

*தரைக்குழு உறுப்பினர்:* வானிலிருந்து கண்ட இடத்திற்கு நடந்தே செல்பவர்கள் இவர்கள். முதலுதவி, வரைபடம் படித்தல், திசைகாட்டி பயன்படுத்துதல் ஆகியவற்றைக் கற்க வேண்டும். 24 மணிநேரத்திற்குத் தேவையான பொருள்கள் கொண்ட பையை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும்.

விபத்துக்குள்ளான விமானத்தின் அவசரச் சமிக்ஞைக் கருவியைத் தேடிக் கண்டுபிடிப்பதும் தரைக்குழுவின் வேலை. திசையறியும் கருவி இல்லாதபோது, கையடக்க வானொலியை மார்போடு சேர்த்துப் பிடித்து மெல்லச் சுற்றி நிற்பார்கள். உடல் சமிக்ஞையை மறைப்பதால், ஒலி மிகவும் குறையும் நிலையில் கருவி அவர்களுடைய முதுகுப்புறத்தில் உள்ளது என்று பொருள். இப்படித் தேடிச் சென்றால் பல நேரங்களில் கொட்டகையில் நிற்கும் விமானத்தில் தவறுதலாக இயங்கிய கருவியே கிடைக்கும். ஆயினும் போய்ப் பார்க்காமல் அதைத் தவறு என்று முடிவு செய்ய இயலாது.

*தளப் பணியாளர்:* வானொலித் தொடர்பு, பதிவேடு, வரைபடம், உணவு ஏற்பாடு போன்றவற்றைக் கவனிப்பவர்கள். நீண்ட நேரம் நடக்கவோ பறக்கவோ இயலாதவர்கள் இதில் சிறந்து விளங்கலாம். கைப்பேசிக் கோபுரத் தரவுகளையும் ரேடார் பதிவுகளையும் ஆராய்ந்து தேட வேண்டிய இடத்தைச் சுருக்கித் தரும் சிறப்புக் குழுக்களும் இவ்வமைப்பில் உள்ளன. தேடல் களத்திற்கு வெகுதொலைவில் இருந்தபடியே இவர்கள் உயிர்காக்க உதவுகிறார்கள்.

*விமானி:* தனியார் விமானி உரிமம் மட்டும் போதாது. போதிய பறப்பு அனுபவமும், அமைப்பின் சோதனைப் பறப்பில் தேர்ச்சியும் தேவை. தேடல் விமானி ஆவதற்குத் தனிப் பயிற்சியும் முடிக்க வேண்டும்.

அழைப்பு வரும் முறை

பறப்புத் திட்டம் கொடுத்துவிட்டுச் சென்ற சிறு விமானம் குறித்த நேரத்திற்கு 30 நிமிடம் கடந்தும் தகவல் தராவிட்டால், வான்போக்குவரத்து அதிகாரிகள் விசாரிக்கத் தொடங்குவார்கள். அலாசுகா, அவாய் தவிர்த்த மாநிலங்களில், நிலப்பரப்பின் மேல் நடைபெறும் தேடல்களைப் புளோரிடாவின் டின்டால் தளத்திலுள்ள வான்படை மீட்பு ஒருங்கிணைப்பு மையம் ஒருங்கிணைக்கிறது. அம்மையம் மாநிலப் பிரிவை அழைத்துப் பணி எண் வழங்கும்.

பணி எண் இல்லாமல் எவரும் தாமாகப் புறப்படக் கூடாது. வான்படை ஒப்படைத்த பணியில் காயமடையும் தன்னார்வலருக்கு அரசின் இழப்பீட்டுப் பாதுகாப்பு உண்டு. தன்விருப்பமாகச் சென்றவருக்கு அது இல்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. எங்கிருக்கிறார் என்று யாருக்கும் தெரியாமல் மலைக்குள் சென்றவர், தேடப்பட வேண்டிய இரண்டாவது ஆளாகிவிடுவார். முதலாமவருக்காக ஒதுக்கிய நேரமும் ஆட்களும் அவருக்காகப் பிரிந்துவிடும்.

சேரும் முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

இப்பணிக்கு ஊதியம் இல்லை. ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும், சீருடையையும் பெரும்பாலும் சொந்தச் செலவில் வாங்க வேண்டும். வான்படைப் பாணிச் சீருடைக்கு எடை, முடி வெட்டு குறித்த விதிகள் உண்டு. அவற்றுக்கு உட்படாதவர்களுக்கு வேறு சீருடை உள்ளது. அழைப்பு நள்ளிரவிலும் வரலாம் என்பதால் வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி இசைவு பெறுவது அவசியம். அழைக்கும்போது உடல்நலமோ சூழ்நிலையோ சரியில்லை என்றால் வர இயலாது என்று சொல்வதே பொறுப்பான செயல்.

எல்லாத் தேடலும் வெற்றியில் முடிவதில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். 2007 செப்டம்பரில் நெவாடாவிலிருந்து தனியே பறந்த புகழ்பெற்ற சாகச விமானி சிடீவ் ஃபோசெட் காணாமற்போனார். அவர் பறப்புத் திட்டம் எதுவும் கொடுத்திருக்கவில்லை. சிவில் ஏர் பேட்ரோல் விமானங்கள் பரந்த மலைப்பகுதியில் தேடியும் அவர் கிடைக்கவில்லை. ஓராண்டுக்குப் பின் கலிபோர்னியாவில் மலையேறிய ஒருவர் அவருடைய அடையாள அட்டைகளைக் கண்டெடுத்த பிறகே விமானத்தின் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன.

ஒரு பகுதியைத் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அது பயனற்ற வேலை அன்று. "இங்கே இல்லை" என்று நம்பத்தக்க ஒருவர் சொன்னால்தான் அடுத்த பகுதிக்கு நகர முடியும். கவனக்குறைவாகப் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னால், காயத்துடன் காத்திருப்பவர் இருக்கும் இடம் தேடி முடித்த பகுதியாகக் கருதப்பட்டுவிடும். புதியவருக்குத் தரப்படும் தேர்வுகளும், ஒத்திகைகளும், கையொப்பங்களும் அவருடைய சொல்லை மற்றவர்கள் நம்புவதற்காகவே ஏற்படுத்தப்பட்டுள்ளன.