எதிரி அணியின் ஹீரோ நம்ம மேனேஜரா? எவர்ட்டன் ரசிகர்களைக் கொதிக்க வைத்த பெனிடெஸ் நியமனம்... 200 நாளில் நடந்தது என்ன?

2024 ஐபிஎல்-ல் ரோகித் சர்மாவுக்குப் பதிலாக ஹர்திக் பாண்டியா மும்பை கேப்டன் ஆனபோது, சொந்த மைதானமான வான்கடேவிலேயே கிளம்பிய கூச்சல் நினைவிருக்கிறதா? டாஸ் போட வந்த கேப்டனுக்கு எதிராகச் சொந்த ரசிகர்களே குரல் கொடுத்தார்கள்.

கால்பந்து உலகில் இதைவிடப் பெரிய ஒரு சம்பவம் 2021-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் நடந்தது. அங்கே ஒரு கிளப், பரம எதிரி அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த மனிதரையே தன் மேனேஜராகக் கொண்டுவந்தது. கிளப் எவர்ட்டன், மேனேஜர் ரஃபா பெனிடெஸ்.

"ரசிகர்கள் பேச்சைக் கேட்டா கிளப் நடத்த முடியும்?" என்பது ஒரு தரப்பு. "ரசிகன் இல்லாம கிளப் எதுக்கு?" என்பது இன்னொரு தரப்பு. யார் சொன்னது சரி? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே ஊர், இரண்டு கிளப்... என்ன பகை?

எவர்ட்டனும் லிவர்பூலும் ஒரே நகரத்து அணிகள். லிவர்பூலின் ஆன்ஃபீல்டுக்கும், எவர்ட்டன் அப்போது ஆடிக்கொண்டிருந்த குடிசன் பார்க்குக்கும் நடுவில் இருப்பது ஒரு பூங்காதான். நடந்தே போய்விடலாம்.

இதில் ஒரு சுவாரஸ்யம், ஆன்ஃபீல்டில் முதலில் ஆடியதே எவர்ட்டன்தான். மைதான வாடகைத் தகராறில் 1892-ல் எவர்ட்டன் வெளியேறி குடிசன் பார்க்குக்குப் போனது. காலியான ஆன்ஃபீல்டுக்காகவே தொடங்கப்பட்ட கிளப்தான் லிவர்பூல். பகையின் வேர் அங்கேயே இருக்கிறது.

அந்த ஊரில் ஒரே வீட்டில் அண்ணன் சிவப்பு, தம்பி நீலம் என்று இருப்பது சகஜம். ஆனால் ஒரு கிளப்பின் மேனேஜர் இன்னொரு கிளப்புக்குப் போவது சகஜமில்லை. பெனிடெஸுக்கு முன் இரண்டு கிளப்பையும் நிர்வகித்தவர் வில்லியம் எட்வர்ட் பார்க்ளே ஒருவர்தான். அதுவும் 19-ம் நூற்றாண்டில்!

பெனிடெஸ் மேல் என்ன கோபம்?

ஸ்பெயின்காரரான பெனிடெஸ் 2004 முதல் 2010 வரை லிவர்பூல் மேனேஜர். 2005 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் ஏசி மிலனிடம் 0-3 என்று பின்தங்கி, பிறகு சமன் செய்து பெனால்டியில் லிவர்பூல் ஜெயித்ததே, அந்த இஸ்தான்புல் இரவின் நாயகன் இவர்தான். இதுவே எவர்ட்டன் ரசிகர்களுக்குப் போதுமான எரிச்சல்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. 2007 பிப்ரவரியில் ஆன்ஃபீல்டில் நடந்த டெர்பி 0-0 என டிரா ஆனது. எவர்ட்டன் தடுப்பாட்டம் மட்டுமே ஆடியதாகக் கடுப்பான பெனிடெஸ், எவர்ட்டனை "சின்ன கிளப்" என்று சொல்லிவிட்டார். லிவர்பூலுக்கு முன்பே பிறந்த, 9 முறை லீக் சாம்பியனான ஒரு கிளப்பைப் பார்த்து! ஆத்திரத்தில் வாய் தவறியது, "சின்ன டீம்" என்றுதான் சொல்ல வந்தேன் என அவர் பின்னாளில் விளக்கம் கொடுத்தார். ஆனால் எவர்ட்டன் ரசிகர்கள் அதை மறக்கவே இல்லை.

அப்புறம் ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்?

2021 ஜூன் 1-ம் தேதி எவர்ட்டன் மேனேஜர் கார்லோ அன்செலோட்டி ரியல் மாட்ரிட் போய்விட்டார். சீசன் தொடங்க இரண்டரை மாதம்கூட இல்லை. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் எவர்ட்டன் வீரர்களுக்காகப் பணத்தை வாரி இறைத்திருந்தது. அப்போதைய ப்ரீமியர் லீக் விதிப்படி ஒரு கிளப் மூன்று ஆண்டில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்று இருந்தது. அதனால் இனி இஷ்டத்துக்குச் செலவு செய்ய முடியாத நிலை.

இந்த இடத்தில்தான் உரிமையாளர் ஃபர்ஹாத் மோஷிரியின் கணக்கு வருகிறது. பெனிடெஸின் சாதனைகளைப் பாருங்கள்:

- வலென்சியாவுக்கு 2002, 2004 என இரண்டு முறை ஸ்பெயின் லீக் பட்டம்
- செல்சியில் 2013 யூரோப்பா லீக் கோப்பை
- இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய நியூகாசிலை 2017-ல் சாம்பியனாக்கி மீண்டும் மேலே கொண்டுவந்தது

குறைந்த பணத்தில் அணியைக் கட்டத் தெரிந்தவர். அவரது குடும்பமும் லிவர்பூல் நகருக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில் உள்ள விரல் பகுதியில்தான் வசித்தது. காகிதத்தில் பார்த்தால் கச்சிதமான தேர்வு!

ரசிகர்கள் எப்படிப் பிரிந்தார்கள்?

பெயர் அடிபட ஆரம்பித்ததுமே குடிசன் பார்க் வாசலில் எதிர்ப்பு பேனர்கள் முளைத்தன. ரசிகர்களிடம் மூன்று விதமான குரல்கள் கேட்டன.

முதல் தரப்பு: "கோப்பை முக்கியமில்லை, மானம் முக்கியம். நம்மைச் சின்ன கிளப் என்று சொன்னவர் நம் பெஞ்சில் உட்காரக் கூடாது."

இரண்டாம் தரப்பு: "1995-க்குப் பிறகு ஒரு கோப்பைகூட இல்லை. யார் வந்தால் என்ன? ஜெயிக்கத் தெரிந்தவர் வரட்டும்."

மூன்றாம் தரப்பு கேட்டது வேறு கேள்வி: "லிவர்பூல் கதையை விடுங்க. 61 வயது மேனேஜரின் பாதுகாப்பான ஆட்டம் நமக்குத் தேவையா? இந்தக் கிளப்புக்குத் திட்டம்னு ஒன்னு இருக்கா, இல்லையா?" மோஷிரி 2016-ல் வந்த பிறகு நியமித்த ஐந்தாவது நிரந்தர மேனேஜர் பெனிடெஸ் என்பதால், இந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

இடையில் ஒரு அசிங்கமும் நடந்தது. "நீ எங்கே வசிக்கிறாய் என்று எங்களுக்குத் தெரியும், கையெழுத்துப் போடாதே" என்ற மிரட்டல் பேனர் பெனிடெஸ் வீடு இருக்கும் பகுதியில் தொங்கவிடப்பட்டது. போலீஸ் விசாரணை வரை போனது. நியமனத்தை எதிர்த்த ரசிகர்களில் பலரே இதைக் கண்டித்தார்கள். எதிர்ப்பது உரிமை, ஒருவரின் குடும்பத்தைப் பயமுறுத்துவது குற்றம். அந்தக் கோடு அன்று தாண்டப்பட்டது.

ஆனாலும் ஜூன் 30-ம் தேதி பெனிடெஸ் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

ஆரம்பம் அமர்க்களம்... பிறகு?

முதல் 7 லீக் போட்டிகளில் 4 வெற்றி, 2 டிரா, 1 தோல்வி. வெறும் 17 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய டிமராய் கிரே, இலவசமாக வந்த ஆண்ட்ரோஸ் டவுன்சென்ட் இருவரும் கோல்களாக அடித்தார்கள். "பரவாயில்லையே!" என்று எதிர்த்தவர்களே பேச ஆரம்பித்தார்கள்.

அடுத்த 12 போட்டிகளில் ஒரே ஒரு வெற்றி. 9 தோல்வி!

முன்கள வீரர் கால்வெர்ட்-லூவின் காயத்தால் மாதக்கணக்கில் ஆடவில்லை. வாட்ஃபோர்டுக்கு எதிராக 2-1 என்று முன்னிலையில் இருந்த ஆட்டத்தை, கடைசிக் கட்டத்தில் 4 கோல் விட்டுக் கொடுத்து 2-5 எனத் தோற்றார்கள். டிசம்பர் 1-ம் தேதி குடிசன் பார்க்கிலேயே லிவர்பூலிடம் 1-4 என அடி. எந்த அணியிடம் தோற்கவே கூடாதோ, அந்த அணியிடம்!

இதற்கிடையே இடது பின்கள வீரர் லூகா டீன்யேவுடன் மேனேஜருக்கு மோதல். ரசிகர்களுக்குப் பிடித்த அந்த வீரர் ஜனவரியில் ஆஸ்டன் வில்லாவுக்கு விற்கப்பட்டார். அதற்கு இரண்டு நாள் கழித்து, கீழே தவித்துக்கொண்டிருந்த நார்விச்சிடம் 1-2 தோல்வி. ஒரு ரசிகர் மைதானத்துக்குள் இறங்கி பெனிடெஸை நோக்கியே ஓடினார். மறுநாள், 2022 ஜனவரி 16-ல், பெனிடெஸ் நீக்கப்பட்டார். மொத்தம் 200 நாள்.

அப்போ ரசிகர்கள் சொன்னதுதான் சரியா?

பாதி சரி.

எந்தப் புது மேனேஜருக்கும் ரசிகர்கள் கொஞ்சம் நம்பிக்கையைக் கடனாகக் கொடுப்பார்கள். மூன்று போட்டி தோற்றால்கூட "டைம் கொடுப்போம்" என்பார்கள். பெனிடெஸுக்கு அந்தக் கணக்கே திறக்கப்படவில்லை. ஜெயித்தால் "சரி, பார்ப்போம்", தோற்றால் "அப்பவே சொன்னோம்ல!" இப்படியொரு சூழலில் காயம், பணமின்மை எல்லாம் சேரும்போது யாராக இருந்தாலும் தாக்குப்பிடிப்பது கஷ்டம். இதை முன்கூட்டியே கணக்கில் எடுக்காதது நிர்வாகத்தின் தவறு.

இதே பெனிடெஸ் 2012-ல் செல்சிக்கு இடைக்கால மேனேஜராக வந்தபோதும் முதல் போட்டியிலேயே சொந்த ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். ஆனால் அங்கே உலகத்தரமான வீரர்கள் இருந்தார்கள், வேலையும் சில மாதங்களுக்குத்தான். கோப்பையோடு கிளம்பினார். எவர்ட்டனில் அந்த வசதி எதுவும் இல்லை.

மீதிப் பாதி? பெனிடெஸ் போனதும் விட்டோர் பெரேரா பெயர் அடிபட்டது. ரசிகர்கள் குடிசன் பார்க் சுவரிலேயே எதிர்ப்பை எழுதிவைத்தார்கள். பெரேரா டிவி நேரலையில் வந்து தன் தரப்பைச் சொல்ல வேண்டியதானது. கடைசியில் ரசிகர்கள் ஆதரித்த ஃபிராங்க் லாம்பார்ட்தான் மேனேஜர் ஆனார். அந்த சீசனில் 0-2 என்று பின்தங்கி, கிரிஸ்டல் பேலஸை 3-2 என வென்று எவர்ட்டன் தப்பித்தது. ஆனால் அடுத்த ஜனவரியில் லாம்பார்டும் நீக்கம். 2023-24 சீசனில் நிதி விதிகளை மீறியதற்காக எவர்ட்டனுக்கு மொத்தம் 8 புள்ளிகள் வெட்டப்பட்டன.

அதாவது, ரசிகர்களுக்குப் பிடிக்காதவர் போய், பிடித்தவர் வந்த பிறகும் நோய் தீரவில்லை. காரணம், நோய் மேனேஜர் நாற்காலியில் மட்டும் இல்லை. "யார் வேண்டும்?" என்ற சத்தத்தில், "இந்தக் கிளப்புக்குத் திட்டம் இருக்கா?" என்ற அந்த மூன்றாம் தரப்பின் கேள்வி யார் காதிலும் விழவில்லை.

அடுத்த முறை உங்கள் அணிக்குப் பிடிக்காத ஒரு பெயர் வரும்போது கோபப்படுங்கள், தப்பில்லை. கூடவே, அவரைத் தேர்ந்தெடுத்தது யார், எதற்காக என்பதையும் கேளுங்கள். மேனேஜர் போய்விடுவார். தேர்ந்தெடுத்தவர்கள் அங்கேயேதான் இருப்பார்கள்.