லட்டு ஒத்துக்கொள்ளும், பால் ஒத்துக்கொள்ளாது

திருப்பதி லட்டைக் கையில் வாங்கினால் உள்ளங்கை முழுக்க நெய். பால் குடித்தாலே வயிறு உப்பி இரைகிறவர்கள், நெய்யும் பாலிலிருந்து வந்ததுதானே என்று பயந்து ஒரு விள்ளலோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்தப் பயம் வேண்டாம். அவர்கள் வயிற்றைப் படுத்துவது பாலின் சர்க்கரை. வெண்ணெய் கடையும்போது அதில் பெரும்பகுதி மோரோடு போய்விடும். மிச்சம் உருக்கும்போது கசடில் தங்கிவிடும். நெய் என்பது ஏறக்குறைய வெறும் கொழுப்பு. சித்தூர்ப் பக்கத்துப் புங்கனூர் குட்டைப் பசுவின் பால் கொழுப்புக்குப் பேர்போனது. அந்தக் கொழுப்பும் இந்த வழக்கில் நிரபராதிதான்.

பால் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். குளுக்கோஸும் காலக்டோஸும் கைகோத்து நிற்கும் ஜோடி அது. ஜோடியாகக் குடல் சுவரைத் தாண்ட முடியாது. பிரித்துவிட லாக்டேஸ் என்ற நொதி, அதாவது செரிமான வேலையை முடுக்கிவிடும் ஒரு புரதம், சிறுகுடலின் உட்சுவரில் காத்திருக்கிறது. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு 7 கிராம் லாக்டோஸ் உண்டு; பசும்பாலைவிட அதிகம். அதனால் குழந்தைக்கு இந்த நொதி தாராளமாகச் சுரக்கும். பால்குடி மறந்த பிறகு பெரும்பாலோருக்கு அது வற்றிவிடும். பாலூட்டி இனத்துக்கே இதுதான் இயல்பு.

வளர்ந்த பிறகும் நொதி வற்றாதவர்களிடம் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. இந்தியத் துணைக்கண்டத்தில் 2,284 பேரின் மாதிரிகளைச் சோதித்து 2012இல் வெளியான ஆய்வு, ஐரோப்பியர்களிடம் உள்ள அதே மாற்றம் இங்கும் இருப்பதைக் காட்டியது. வடமேற்கில் அது அதிகம். தென்கிழக்கே வர வரக் குறைகிறது. திருப்பதி அந்தக் குறைவான பக்கத்தில்தான் இருக்கிறது.

சரி, நம் வயிறு எந்தக் கட்சி? ஊதிப் பார்த்தே சொல்லிவிடலாம்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். முதல் நாள் இரவு பருப்பில்லாத வெறும் சோறு. அரிசி மாவுச்சத்து அநேகமாக முழுவதும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடல் கிருமிகளுக்கு எதுவும் மிஞ்சாது. காலையில் வெறும் வயிற்றில் 25 கிராம் லாக்டோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். அது அரை லிட்டர் பாலில் இருக்கும் அளவு. பிறகு அரை மணிக்கொரு தரம், இரண்டு மூன்று மணி நேரம் ஊதவேண்டும்.

கருவி தேடுவது ஹைட்ரஜனை. மனித செல் எதுவும் அதை உண்டாக்குவதில்லை. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்கு வந்தால் அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைக்கும். அப்போது கிளம்பும் ஹைட்ரஜன் ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்கு வந்து, மூச்சில் வெளியேறும். பத்து லட்சம் மூலக்கூறுகளில் 20 கூடினாலே போதும், முடிவு தெரிந்துவிடும். திருமலைக்குத் தினமும் எழுபதாயிரம் பேர் வருவதாக வைத்துக்கொண்டால், பத்து லட்சம் என்பது இரண்டு வாரக் கூட்டம். அதில் கூடுதலாக நுழைந்த இருபதே பேரைக் கண்டுபிடிப்பது போன்ற வேலை இது. சிலர் குடலில் ஹைட்ரஜனைத் தின்று மீத்தேனாக்கும் நுண்ணுயிர்களும் உண்டு. அதனால் நல்ல கருவிகள் மீத்தேனையும் சேர்த்தே அளக்கின்றன.

முடிவு எதுவானாலும் காபியைக் கைவிடவேண்டியதில்லை. நொதி குறைந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ் வரை, அதாவது ஒரு பெரிய டம்ளர் பால் வரை, தாங்குவார்கள். டிபனோடு குடித்தால் இன்னும் நல்லது. கோவாவிடம்தான் எச்சரிக்கை வேண்டும். ஐந்து லிட்டர் பால் சுண்டித்தான் ஒரு கிலோ கோவா ஆகிறது. நூறு கிராம் தின்றால் சோதனைக்குக் குடித்த அளவு உள்ளே போய்விடும்.

தயிரின் கதை வேறு. உறையும்போதே பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மீதியைச் செரிக்கும் லாக்டேஸும் அந்தப் பாக்டீரியாவின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. சிறுகுடலில் பித்தநீர் பட்டு அவை உடையும்போது அந்த நொதி வெளிவந்து வேலையைத் தொடங்கும். நமக்கில்லாத நொதியைத் தயிர் தானே சுமந்து வருகிறது! கொதிக்கவைத்தால் அது கெட்டுவிடும். ஆகவே மோர்க்குழம்பைவிட நீர்மோர் மேல். திருமலைப் பிரசாதங்களில் தத்தியோன்னமும் உண்டு. நம் வீட்டுத் தயிர்சாதம்தான் அது. லட்டுக்குப் பிறகு அதையும் தைரியமாக ஒரு கை பார்க்கலாம்.