தகவல் துளி: பத்திரிகைகளுக்கு வரலாறு எழுதிய பேராசிரியர்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1886-இல் பிறந்தவர் ஃபிராங்க் லூதர் மாட். அப்பா வாரப் பத்திரிகை நடத்தியவர். அதன் அச்சகத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அச்சுக் கோத்துத் தொழில் பழகினார் சிறுவன் மாட்.

வளர்ந்ததும் தாமே வாரப் பத்திரிகை நடத்தினார். பிறகு பல்கலைக்கழக ஆசிரியரானார். 1927-இல் அயோவா பல்கலைக்கழக இதழியல் துறைக்குத் தலைவர். 1942 முதல் 1951 வரை புகழ்பெற்ற மிசௌரி இதழியல் கல்லூரியின் முதல்வர்.

வகுப்பறைக்கு வெளியே அவர் செய்த பெரும்பணி, அமெரிக்கப் பருவ இதழ்களின் வரலாறு. முதல் தொகுதி 1930-இல் வந்தது. கதை 1741-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பிலடெல்பியாவில் ஆண்ட்ரூ பிராட்ஃபோர்டும் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் போட்டி போட்டு இதழ் தொடங்கினார்கள். மூன்றே நாள் வித்தியாசத்தில் முந்திக்கொண்டார் பிராட்ஃபோர்ட். ஆனால் அவருடைய இதழ் மூன்று வெளியீடுகளோடு நின்றது. ஃபிராங்க்ளினுடையது ஆறோடு நின்றது! தோற்றுப்போன இப்படிப்பட்ட இதழ்களையும் தேடிப் படித்துப் பதிவு செய்ததுதான் மாட்டின் தனிச்சிறப்பு.

இரண்டாம், மூன்றாம் தொகுதிகளுக்கு 1939-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1941-இல் அவர் வெளியிட்ட அமெரிக்க இதழியல் வரலாறு, மாணவர்களின் பாடநூலாகப் பல பதிப்புகள் கண்டது.

1964-இல் மாட் காலமானார். அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற ஐந்தாம் தொகுதி, மகள் மில்ட்ரெட்டின் உழைப்பால் 1968-இல் வெளியானது.