இயற்கை வகுத்த ஆடுகளம்

கோடை வெயில் கடுகும்போது குளிர்ந்த மலையை நாடிச் செல்லுதல் மக்களுக்கு இயல்பு. சேந்தமங்கலம் வட்டாரத்தில் வாழ்வோர் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறுவர். ஆகாய கங்கை அருவியில் நீராடுவர். அறப்பளீசுவரரை வணங்கி மீள்வர். நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் செல்வோருள் ஒரு சாரார் ஓர் ஆட்டத்தையும் கருதிச் செல்கின்றனர். அதுவே கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டம். ஏனைய ஆட்டங்கள் ஊர் நடுவே நிகழ, இவ்வாட்டம் மட்டும் மலைச்சாரலையும் கடலோரத்தையும் தேடிச் செல்வது ஏன்? அதனை ஈண்டுக் காண்போம்.

சிறுவர் தெருவில் குழி தோண்டி, அதனுள் கோலிக்குண்டை விழச் செய்து ஆடுவதை நாம் அறிவோம். குழிப்பந்தாட்டத்தின் கருத்தும் ஏறத்தாழ அத்தகையதே. ஆயின், இங்குக் குழி நெடுந்தொலைவில் இருக்கும். பந்தின் எடை 46 கிராமுக்கு உட்பட்டது. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். ஆடுவோர் 14க்கு மேற்படாத கோல்களைத் தம்முடன் கொண்டு சென்று, பந்தை அடித்து அடித்து ஒவ்வொரு குழியிலும் சேர்ப்பர். முழுமையான களத்தில் 18 குழிகள் உண்டு. மிகக் குறைந்த அடிகளில் அவற்றை முடிப்பவரே பொதுவாக வெற்றி பெறுவர்.

மற்றைய விளையாட்டுகளுக்கு நிலத்தைச் சமன்செய்து, அளந்து, சுண்ணாம்புக் கோடு இடுவர். இவ்வாட்டத்திற்கோ மேடும் பள்ளமும், ஓடையும் மணலும், வீசுகின்ற காற்றும் எல்லாம் வேண்டும். அவற்றை வெல்லுதலே ஆட்டத்தின் சுவை. ஆதலின் ஒரு களம் போல மற்றொரு களம் இராது. ஒவ்வொன்றும் தான் அமைந்த நிலத்தின் இயல்பையே தன் இயல்பாகக் கொண்டு விளங்கும்.

இதன் காரணத்தை அறிய, இவ்வாட்டம் வளர்ந்த ஸ்காட்லாந்து நாட்டின் கடற்கரைக்குச் செல்லல் வேண்டும். அங்கே கடலுக்கும் கழனிக்கும் இடையே மணற்பாங்கான நிலம் உண்டு. அஃது ஏருக்கு உதவாது. புல் மட்டுமே அதில் வளரும். அப்புல்லை ஆடுகள் மேய்ந்து குறுகச் செய்தன. கடுங்காற்றுக்கு அஞ்சி அவை ஒதுங்கிய இடங்களில் மண் தேய்ந்து மணற்பள்ளங்கள் தோன்றின என்பர். அந்நிலத்தில் மக்கள் பந்தாடினர். ஆட்டத்தின் மீது அவர்கள் கொண்ட வேட்கை வில்வித்தைப் பயிற்சிக்கு இடையூறாயிற்று என்று கருதி, அந்நாட்டு நாடாளுமன்றம் 1457ஆம் ஆண்டிலேயே அதனைத் தடைசெய்தது. ஆயினும் ஆட்டம் அழியவில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரின் பழங்களம் இன்றும் உலகப் புகழ் பெற்று விளங்குகின்றது. அங்கு 22 ஆக இருந்த குழிகளின் எண்ணிக்கை 1764இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. பிற்காலத்தில் அதுவே எங்கும் முறையாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் அங்கு ஆட்டம் நிகழ்வதில்லை. ஊர்மக்கள் அப்புல்வெளியில் உலாவி மகிழ்வர். அக்களத்தைத் தொடக்கத்தில் அமைத்த தச்சர் எவரும் இலர். காற்றும் மணலும் புல்லும் ஆடுமே அதனை அமைத்தன.

ஆங்கிலேயர் இவ்வாட்டத்தை நம் நாட்டிற்குக் கொணர்ந்தனர். 1829இல் கல்கத்தாவில் கோல்ஃப் சங்கம் நிறுவப்பட்டது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே இன்றளவும் நிலைத்துள்ள சங்கங்களுள் மிகப் பழமையானது அதுவே. சமவெளியின் வெம்மை தாங்காதார் மலைகளை நாடினர். கோயம்புத்தூர் ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி மேல் ஏறினார். பின்னர் உதகமண்டலம் சென்னை மாகாண அரசின் கோடைக்காலத் தலைமையிடம் ஆயிற்று. அங்குள்ள அலையலையான புல்மேடுகளைக் கண்ட அயல்நாட்டார் தம் தாயகத்தையே மீண்டும் கண்டாற்போல் மகிழ்ந்தனர். ஆளுநர் வென்லாக் பிரபுவின் பெயரால் வழங்கும் அப்புல்வெளியில் உதகையின் களம் அமைந்தது. 1889இல் இலங்கையின் நுவரெலியாவிலும், 1895இல் கோடைக்கானலிலும் சங்கங்கள் தோன்றின. கோடைக்கானல் களத்தில் காலை வேளையில் மூடுபனி விலகும்போது காட்டுமாடுகள் மேய்ந்து நிற்பதும் உண்டு. ஆடுவோர் அவற்றிற்கு வழிவிட்டு விலகி நிற்பர்.

இம்மலைகளின் புல்வெளி காட்டை வெட்டியதால் உண்டான வெற்றிடம் அன்று. மடிப்புகளிலும் பள்ளத்தாக்குகளிலும் சோலைக்காடும், மேட்டுச் சரிவுகளில் புல்லுமாக அவை பல்லாயிரம் ஆண்டுகளாக அருகருகே வாழ்ந்து வருகின்றன. தோதவர் தம் எருமைகளை மேய்த்தது இப்புல்வெளியிலேயாம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி பூப்பதும் இச்சரிவுகளிலேயாம். 2006இலும் 2018இலும் அது பூத்து மலையை நீல ஆடை உடுத்தியது.

ஆயினும் மரம் இல்லாத இடம் பாழ்நிலம் என்று அக்காலத்து ஆட்சியாளர் எண்ணினர். சீகை மரத்தையும் தைல மரத்தையும் பெருவாரியாக நட்டனர். அவ்வழக்கம் விடுதலைக்குப் பின்னரும் நெடுங்காலம் தொடர்ந்தது. தாயகத்தின் நினைவு நீங்காத சிலர், கோர்ஸ் என்னும் மஞ்சட்பூ முட்செடியையும் அங்கிருந்து கொணர்ந்தனர். ஸ்காட்லாந்துக் களங்களுக்கு அழகூட்டும் அச்செடி, நீலகிரியில் புல்லை அடர்ந்து மூடும் களையாயிற்று. ஓரிடத்தில் இயற்கையாக இருப்பது மற்றோர் இடத்தில் இயற்கையாகாது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

புல் அழிதலால் நமக்கு வரும் கேடு யாது? மழைநீரைத் தாங்கி, மண்ணுள் இறக்கி, சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுப்பவை புல்வெளியும் சோலையுமே. நீலகிரியின் நீரைக் கொண்டு வரும் மோயாறு பவானியில் கலக்கின்றது. பவானி காவிரியில் கலக்கின்றது. அக்காவிரியே பரமத்திவேலூரையும் மோகனூரையும் கடந்து செல்கின்றது. எனவே உதகைச் சரிவின் புல்லுக்கும் நாமக்கல் மாவட்டத்து வயலுக்கும் உறவு உண்டு.

இதனால் ஒரு களத்தின் தரத்தை அறியும் வழியும் புலனாகின்றது. குன்றை அகழ்ந்து, மரங்களை வீழ்த்தி, ஓடையை மறித்து, நஞ்சு தெளித்துப் புல் வளர்த்தல் ஒரு முறை. நிலத்தின் போக்கை அறிந்து, அதன் மேட்டையும் பள்ளத்தையும் அவ்வாறே ஏற்றுக் குழிகளை மட்டும் அமைத்தல் மற்றொரு முறை. முன்னது நிலத்தை ஆட்டத்திற்கு அடிமையாக்குகின்றது. பின்னது ஆட்டத்தை நிலத்திற்கு இயைவிக்கின்றது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. எத்துணைச் சிறந்த களமாயினும், நாளும் கத்தரிக்கப்படும் புல் காட்டுப் புல்லுக்கு ஈடாகாது. கத்தரித்த புல்லில் குறிஞ்சி மலராது. ஆகவே களத்தின் எல்லைக்கு அப்பால் இயற்கைப் புல்வெளி அழியாது நிற்றல் வேண்டும்.

புல் என்னும் சொல்லுக்குத் தமிழில் சிறுமை என்னும் பொருளும் உண்டு. புன்மை என்னும் சொல் அதன்வழி வந்ததே. எனினும் தொல்காப்பியர் உயிர்களை வகுத்தபோது, புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராக ஒருங்கே வைத்து எண்ணினார். மரத்தை மதிப்போர் புல்லையும் மதித்தல் வேண்டும் என்பது அதனால் நாம் பெறும் பாடம். மலைக்குச் செல்வோர் ஆடச் செல்லினும், அருவி காணச் செல்லினும், அங்குள்ள புல்லையும் நீரையும் மாசுபடுத்தாது மீளுதல் கடமையாகும். ஆட்டம் சில நாழிகையில் முடியும். அதற்கு இடம் தந்த நிலமோ, நமக்குப் பின் வருவோர்க்கும் உரியது.